தீராதிருக்க வேண்டிய கடன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நட்பில் கணக்குப் பார்க்கலாகாது என்பர் பெரியோர். கணக்குப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு வங்கியில் காலம் கழித்த அடியேனுக்கு இதில் நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. நெடிய நட்பைக் கொண்டாடும் பாடல் எதுவாயினும், இன்ன வேளையில் இன்னது செய்தான், கைவிடாது நின்றான் என்றுதானே அது சொல்கிறது? அது கணக்கன்றி வேறென்ன? பெற்றதை நினைவில் வைத்திருப்பவன் திருப்பித் தரவும் வேண்டுமா, வேண்டாமா? நட்பின் தர்மம் எது?

பெரிய திருமொழியில் ஐந்தாம் பத்தின் எட்டாம் திருமொழியைச் சேவிக்கும்போதெல்லாம் இக்கேள்வி எழும். திருவரங்கத்து எம்பெருமானிடம் திருமங்கையாழ்வார் சரணம் புகும் திருமொழி அது. முதற்பாசுரம் குகப்பெருமாளைப் பற்றியது. வேடர் தலைவனைப் ‘பெருமாள்’ என்று சேர்த்துச் சொல்வதே நம் ஸம்ப்ரதாய வழக்கு என்பதை அன்பர்கள் அறிவர். எளியவன், அயலான், தாழ்ந்தவன் என்று எண்ணாமல் சக்ரவர்த்தித் திருமகன் அவனிடம் இரங்கினான். பிராட்டியை அவனுக்குத் தோழியாகவும், இளையபெருமாளை அவனுக்குத் தம்பியாகவும் ஆக்கினான். அவ்வளவில் நில்லாமல், நீ எனக்குத் தோழன் என்றும் உகந்து சொன்னான். அச்சொற்கள் வந்து தம் நெஞ்சில் குடியிருக்கின்றன என்கிறார் ஆழ்வார். பெரியவன் சிறியவனோடு வேற்றுமை தோன்றாதபடி கலந்து பழகும் ஸௌசீல்யத்துக்கு நம் பூர்வாசார்யர்கள் எடுத்துக்காட்டும் இடம் இது.

இவ்விருவரும் கூடியிருந்த காலம் எவ்வளவு? வனவாஸத்தின் தொடக்கத்தில் சிருங்கிபேரபுரத்தில், கங்கைக்கரையில் ஓர் இரவு. மறுநாள் ஓடம் ஏறியாயிற்று. பின்னர் ஆண்டுகள் பல கழிந்தன. இராவண வதம் முடிந்து திரும்பும் வழியில், பரத்வாஜர் ஆசிரமத்திலிருந்து திருவடியைத் (அனுமனைத்) தூது விடுகிறான் இராமன். பரதாழ்வானிடம் போகும் வழியில் குகனிடமும் செல். நான் நலமாக வந்துவிட்டேன் என்று சொல். அவன் என் ஆத்மாவுக்கு ஒப்பான தோழன் என்கிறான். வால்மீகி பகவான் காட்டும் இவ்விடத்தைப் படித்த பிறகு, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று நட்பை அளக்கும் வழக்கம் அடியேனுக்குச் சரியாகப்படவில்லை.

அதே திருமொழியின் இரண்டாம் பாசுரம் திருவடியைப் பற்றியது. நீ செய்த உதவிக்கு என்னிடம் கைம்மாறு இல்லை என்று சொல்லி, அவனோடு கூட அமர்ந்து உண்பதாகப் பெருமாள் கூறியதை ஆழ்வார் அருளிச்செய்கிறார். ஸகல லோகங்களுக்கும் உடையவன் கைம்மாறு இல்லையென்று கைவிரிப்பது விந்தைதான். ஆனால் இதன் உட்பொருளை ஸ்ரீராமாயணத்தின் உத்தரகாண்டம் விளக்குகிறது. பட்டாபிஷேகத்துக்குப் பின் திருவடிக்கு விடை தரும்போது இராமன் சொல்கிறான்: நீ எனக்குச் செய்த உபகாரம் என்னிடத்திலேயே செரித்துப்போகட்டும். ஏனெனில், உபகாரம் செய்தவனுக்கு ஆபத்து வந்தாலன்றி அதைத் திருப்பிச் செய்ய இடமில்லை.

எத்தனை நுட்பமான வாதம்! ‘உன் கடனை எப்படியாவது அடைப்பேன்’ என்று நண்பனிடம் சொல்பவன், தன்னையறியாமல் அவனுக்கு ஒரு துன்பம் வர வேண்டுகிறான். அவன் மனைவி தொலைந்தால்தானே தேடிக் கொடுக்க முடியும்? அவன் கடலுக்கு இக்கரையில் தவித்தால்தானே தாண்டிப் போய் வர முடியும்? ஆகவே உண்மை நண்பன் விரும்ப வேண்டுவது கடன் தீர்வதை அன்று, தீராமல் இருப்பதை. கண்ணனும் பாரதத்தில் இவ்வண்ணமே பேசுகிறான். தொலைவிலிருந்த தன்னைக் கோவிந்தா என்று கூவி அழைத்த திரௌபதியை நினைத்து, அது பெருகிய கடன்போல் என் நெஞ்சைவிட்டு அகலவில்லை என்கிறான். அவளுக்கு அவன் செய்தது கொஞ்சமா? அவன் பேரேட்டில் வரவே இல்லை. தான் பட்ட கடன் மட்டுமே நிலுவையில் நிற்கிறது.

வங்கித்தொழிலில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 3 ஆண்டுகளே அவகாசம். அதற்குள், ‘ஆம், இக்கடன் எனக்கு உண்டு’ என்று கடன் பெற்றவர் எழுதிக் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டுகள். அதற்குக் கடன் ஒப்புகைக் கடிதம் என்று பெயர். அக்கடிதத்தால் ஒரு காசும் வசூலாவதில்லை. கடன் காலாவதியாகாமல் நிற்கிறது, அவ்வளவே. நட்பைப் பாடும் பாடல் செய்வதும் இதுவே என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. அது கடனை அடைப்பதில்லை. ஒப்புக்கொள்கிறது.

அடியேன் வாழும் வடசென்னையில் இதைக் காதாரக் கேட்கலாம். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் சாவு நேர்ந்த வீடுகளில் இரவு முழுவதும் கானா பாடும் வழக்கம் உண்டு. கூட்டாளிகள் சுற்றி அமர்ந்திருக்க, இறந்தவன் யாருக்கு என்ன செய்தான், யாரோடு எப்படி இருந்தான் என்று விடியும்வரை பாட்டு நடக்கும். நம்மில் சிலர் இதற்கு முகம் சுளிக்கக்கூடும். குகனைப் பெருமாள் என்றழைக்கும் வாயுடையோர் சுளிக்கலாகாது. இறந்தவனுக்கு எதையும் திருப்பித் தர இயலாது. தரப்போவதாகப் பாடுவோரும் பாசாங்கு செய்வதில்லை. கைம்மாறு என்னும் எண்ணமே அற்றுப்போன நிலையில் எஞ்சி நிற்கும் தூய ஒப்புகை அது.

இப்பகுதிக் கிளையொன்றில் பணியாற்றுகையில், ஜாமீன் கையெழுத்துப் போட வந்த ஒரு மீனவரிடம், கடன்காரர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டேன். “ஒரே போட்டு சார்” என்றார். ஒரே படகில் கடலுக்குப் போகிறவர்கள் என்பது அதன் பொருள். கடன்காரருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கே கையெழுத்து என்று கேட்டார்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நண்பனிடம் பட்ட கடன் தீராமல் நிற்கலாம் என்பதால், பிறருக்குக் கொடுத்த வாக்கும் அப்படியே நிற்கலாம் என்று கொள்ளலாகாது. இறைவனுக்கே தோழர் என்று சைவர்கள் போற்றும் சுந்தரர், இத்திருவொற்றியூரில்தான் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் சபதம் செய்தார். அதை மீறி ஊரெல்லை கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது வரலாறு. அங்கே தோழமை விலக்களிக்கவில்லை.

திருமங்கையாழ்வாரிடம் திரும்புவோம். ஓர் உடன்படிக்கையில் சேராத மூன்றாமவர் அதைக் காட்டி உரிமை கோர இயலாது என்பது பொதுவிதி. ஆழ்வார் கங்கைக்கரையில் இருந்தவரல்லர். திருவடியோடு கடல் தாண்டியவருமல்லர். குகனிடம் சொன்ன சொல்லையும் அனுமனிடம் ஒப்புக்கொண்ட கடனையும், அடுத்தடுத்த பாசுரங்களில் கஜேந்திராழ்வான் முதலானோர் பெற்ற பேற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, இவற்றைக் கேட்டதால் உன் திருவடியை வந்து அடைந்தேன் என்கிறார். தமக்கென்று ஒரு பத்திரமும் அவர் கையில் இல்லை. அத்தனையும் பிறர் பெயரில் எழுதியவை. அவற்றைக் கொண்டே அரங்கன் திருமுன் நிற்கிறார்.

அடியேன் ராமாநுஜதாஸன்