கூலிக்குள் அடங்காத சுமை

ஒருவரின் உழைப்பைக் கூலி கொடுத்துப் பெறலாம். அவருடைய மானவுணர்வைத் தூண்டி, கூலிக்கு அப்பாற்பட்ட ஆபத்துக்கு அவரை இட்டுச் செல்வது அறமாகுமா? 1793ஆம் ஆண்டு கனடாவின் மேற்கு மலைகளில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றிப் படித்த நாள்முதல் இவ்வினா என்னை விட்டகலவில்லை.

அக்காலத்து ஐரோப்பியச் செல்வர் அணிந்த தொப்பிகள் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் உள்மயிரால் செய்யப்பட்டவை. அத்தோல்களைத் தேடி மாண்ட்ரியல் வணிகர்கள் அனுப்பிய தோணிகளைத் துடுப்பு வலித்துச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழி பேசிய கத்தோலிக்கக் குடியானவர்கள். 'வொயாஜர்' என்று அவர்களை அழைத்தனர். எழுத்தறியாத பலர் ஒப்பந்தத்தில் குறியிட்டுத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். மாண்ட்ரியல் தீவின் மேற்குக் கோடியிலிருந்த புனித அன்னம்மாள் ஆலயத்தில் செபித்து, காணிக்கை செலுத்திய பின்னரே நெடும்பயணம் தொடங்குவர்.

விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு 14 மணி நேரமும் அதற்கு மேலும் துடுப்பு வலிப்பர். இடையிடையே புகைபிடிக்கச் சற்று ஓய்வு கிடைக்கும். செல்லும் தொலைவையே இத்தனை 'பைப்' என்று கணக்கிட்டனர் எனில், அந்த ஓய்வை எவ்வளவு எதிர்நோக்கியிருப்பர்! சோளத்தையோ பட்டாணியையோ கொழுப்பிட்டுக் காய்ச்சிய கஞ்சியே உணவு. நீர்வீழ்ச்சி குறுக்கிட்டால் தோணியையும் சரக்கையும் கரைவழியே சுமக்கவேண்டும். ஒரு பொதி 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ. நெற்றியில் பூட்டிய தோல்வாரால் முதுகில் இரண்டு பொதிகளைத் தாங்கி ஓட்டமும் நடையுமாகச் செல்வர். சுப்பீரியர் ஏரிக்கரையில் தொடங்கும் கிராண்ட் போர்ட்டேஜ் சுமைப்பாதை மட்டுமே சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. கொசுக்கள் மொய்க்கும், விரட்டுவதற்குக் கை ஏது? குடலிறக்கத்தால் மாண்டவர் உண்டு. நீரில் மூழ்கியோரும் பலர். அவர்கள் நினைவாக ஆற்றோரங்களில் மரச்சிலுவைகள் நின்றன.

இத்தகைய அறுவரையும், அலெக்சாண்டர் மக்கே என்பவரையும், பழங்குடியினர் இருவரையும் அழைத்துக்கொண்டு, அலெக்சாண்டர் மெக்கன்சி 1793 மே மாதம் பசிபிக் கடலை நோக்கிப் புறப்பட்டார். ஜூன் 13 அன்று மலையாறு ஒன்றில் தோணி பாறைகளில் மோதிச் சிதைந்தது. துப்பாக்கிக் குண்டுகள் நீரில் போயின. உறையும் நீரிலிருந்து நடுங்கிக் கரையேறியோர், இனி வீடு திரும்பலாம் என உள்ளூர மகிழ்ந்தனர். மெக்கன்சி அவர்களைக் குளிர்காயவைத்தார். வயிறார உணவும் ரம் மதுவும் அளித்தார். அதன் பிறகே பேசினார். இடர்கள் வரும் என்று முன்னரே சொன்னதையும், தோற்றுத் திரும்புவோர்க்கு நேரும் இழிவையும், வடபுல வீரர்களின் புகழையும் எடுத்துரைத்தார். அவர்கள் இசைந்தனர், மரப்பட்டையாலும் பிசினாலும் தோணியைச் செப்பனிட்டுப் பயணம் தொடர்ந்தது.

மெக்கன்சி ஏமாற்றவில்லை, அதே நீரில் அவரும் நின்றார். எனினும், பசியாறி மது அருந்தியவனிடம் மானத்தைப் பற்றிப் பேசுவதைக் கலந்துரையாடல் என்று கொள்ள என் மனம் இடம் தரவில்லை. ஒப்புக்கொண்டான் என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் தம் சுற்றுமடலில் எழுதியது கூலியைக் குறித்தே. உயிரைப் பணயம் வைப்பதற்கு அது இன்னும் வலுவாகப் பொருந்தாதா?

ஆனால் ஒன்று என்னைத் தயங்கவைக்கிறது. அந்த அறுவருள் ஜோசப் லாண்ட்ரி, சார்ல்ஸ் டுசெட் ஆகிய இருவர், 1789இல் மெக்கன்சி வடதுருவக் கடல்வரை சென்றபோதும் உடனிருந்தவர்கள். துன்பத்தின் அளவை அறிந்தே மீண்டும் வந்தனர். கடனோ வறுமையோ அழைத்திருக்கலாம். காணாத கடலைக் காணும் ஆவலும் அழைத்திருக்கலாம். அவர்களை ஏவப்பட்டோர் என்று மட்டும் சொல்லி இரங்கினால், எஞ்சிய பெருமையையும் நாமே பறித்தவர்களாவோம்.

ஜூலை 22 அன்று கடலோரப் பாறையொன்றில், செஞ்சாயத்தைக் கொழுப்பில் குழைத்து மெக்கன்சி தம் பெயரை எழுதினார். 1801இல் அவர் நூல் வெளிவந்தது. 1802இல் 'சர்' பட்டம் கிடைத்தது. அந்நூலில் அறுவரின் பெயர்களும் உள்ளன. பழங்குடியினர் இருவருள் ஒருவரைப் பற்றி, சிறுவயதுச் சோம்பலுக்காக இடப்பட்ட 'காங்க்ர்' என்ற பட்டப்பெயரை மட்டும் குறித்திருக்கிறார்.