விலங்கின் இயல்பும் மனிதரின் அறமும்

விலங்கு, பறவை, எறும்பு முதலாய உயிர்களின் விந்தையான ஒழுக்கங்களை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர் பலர், அவற்றினின்றும் ஒரு நீதியைப் பிழிந்து கொடுத்தே பாடத்தை முடிக்கின்றனர். எறும்பைப் பார், சோம்பியிராதே. காக்கையைப் பார், கூடி உண். குயிலைப் பார், அதுபோல வஞ்சியாதே என்பன போல்வன அவை. இவ்வாறு கூறுதல் எளிது, கேட்டற்கும் இனிது. ஆயின், விலங்கின் செயல் மனிதனுக்கு அறநூலாகுமோ என்னும் வினா இதனுள் மறைந்து கிடக்கின்றது. அதனை ஆராய்தல் ஆசிரியத் தொழில் பூண்ட அன்பர்களுக்குப் பயன் தருமென எண்ணி இதனை எழுதலுற்றாம்.

கொழும்பு மாநகரிலே, கொம்பனித்தெருவைச் சூழ்ந்த பேரே வாவிக் கரையிலும் அதனை அடுத்த சாலைகளிலும் நிற்கும் மரங்களிற் காக்கைகள் கூடுகட்டி வாழ்கின்றன. அம்மரங்களிலேயே குயிலின் குரலும் கேட்கும். குயிலுக்குக் கூடு கட்டும் வழக்கமில்லை. கருநிறமும் செங்கண்ணும் உடைய ஆண்குயில் காக்கைக் கூட்டின் அருகே சென்று கூவும். காக்கைகள் சினந்து அதனைத் துரத்திச் செல்ல, புள்ளிகள் பொருந்திய பெண்குயில் அவ்வேளையில் கூட்டிற் புகுந்து முட்டையிட்டு அகலும். அம்முட்டை காக்கை முட்டையினும் சிறிது. எனினும் பசுமை கலந்த நிறத்தாலும் கபிலப் புள்ளிகளாலும் அதனை ஒத்திருக்கும். அது காக்கை முட்டைக்குச் சில நாள் முந்திப் பொரிப்பதும் உண்டு. முந்திப் பிறந்த குஞ்சு உணவை முந்திப் பெறுகின்றது. காக்கையோ தன் குஞ்சென்றே அதனை ஊட்டி வளர்க்கின்றது.

இச்செய்தியை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வடமொழியிலே குயிலுக்குப் பரபிருதம் என்றொரு பெயருண்டு. பிறரால் வளர்க்கப்பட்டது என்பது அதன் பொருள். மேனாட்டுக் குயிலின் செயல் இதனினும் கொடிதாகத் தோன்றும். அதன் குஞ்சு, கண் திறவாத நிலையிலேயே, தன் முதுகின் மேல் ஏற்றி மற்றை முட்டைகளையும் குஞ்சுகளையும் கூட்டினின்றும் புறத்தே தள்ளிவிடும். இதனை நேரிற் கண்டு 1788ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டவர் எட்வர்ட் ஜென்னர். பின்னர் 1796இல் அம்மைநோய்க்குப் பாற்குத்தும் முறையைச் சோதித்து நிறுவியவரும் அவரே. நம் நாட்டுக் குயிற்குஞ்சு பெரும்பாலும் அவ்வாறு தள்ளுவதில்லை. ஆகவே ஒன்றை நல்லதென்றும் மற்றொன்றைத் தீயதென்றும் வகுப்போமா? பிறந்து சில மணிநேரமே ஆன குருட்டுக் குஞ்சின்மேற் கொலைப்பழி சுமத்துவார் யார்? அதற்கு எண்ணமும் இல்லை. வேறு வழியும் இல்லை.

குயிலை அறத்திற்குச் சான்றாக்குவதால் விளையும் கேட்டைக் காளிதாசர் தம் சாகுந்தல நாடகத்திற் காட்டியிருக்கின்றார். தன்னை நாடிவந்த சகுந்தலையைத் துஷ்யந்தன் ஏற்க மறுக்குமிடத்து, பெண்ணினத்துக்கு வஞ்சகம் கல்லாமலே வருமென்றும், பெண்குயில் தன் குஞ்சைப் பிற பறவையிடம் வளரவிடுகின்றதென்றும் கூறுகின்றான். சகுந்தலையோ குற்றமற்றவள், மறதியால் மூடுண்டவன் மன்னனே. ஒரு பறவையின் இயல்பைக் கொண்டு ஒரு பெண்ணின் நிறை அளக்கப்பட்டது. பறவையைப் பற்றி அரசன் சொன்னது மெய். அவளைப் பற்றி அவன் கொண்ட முடிவு பொய். பெரிய அநீதி இவ்வாறே ஒரு சிறிய மெய்யின் மேலேறி வருகின்றது.

இனி எறும்பைக் காண்பாம். பியர் ஹூபர் என்பார் ஐரோப்பாவிலுள்ள ஓரின எறும்பைப் பற்றி 1810இல் எழுதினார். அவ்வெறும்புகள் வேற்றினப் புற்றிற் புகுந்து கூட்டுப்புழுக்களைக் கவர்ந்து வரும். அப்புழுக்களினின்றும் வெளிவரும் எறும்புகளே கவர்ந்தோரின் புற்றிலே வேலை யாவும் செய்யும். ஹூபர் கவரும் எறும்புகள் முப்பதை, விரும்பும் உணவோடும் அவற்றின் புழுக்களோடும் தனியே அடைத்து வைத்தார். அவை தாமாக உண்ணவும் மாட்டாது பல மாண்டன. பணிசெய்யும் எறும்பு ஒன்றை உள்ளே விட்டவுடன், அஃது எஞ்சியவற்றை ஊட்டிக் காத்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தது. 1859இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் குயிலையும் இவ்வெறும்பையும் ஒரே அதிகாரத்தில் வைத்து ஆராய்ந்தார். பணிசெய்யும் எறும்புக்கு அடிமை என்று பெயரிட்டவர் மனிதரே. வெளிவந்த புற்றையே தன் புற்றாகக் கொண்ட அவ்வெறும்புக்கு அடிமை என்னும் நினைவில்லை.

ஆனால் மனிதனுக்கு அந்நினைவு உண்டு. கொம்பனித்தெருவுக்கு நெடுங்காலம் வழங்கிய ஆங்கிலப் பெயர் அடிமைத்தீவு எனப் பொருள்பட்டது. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள், வாவி சூழ்ந்த இந்நிலத்தில் இரவிலே அடைக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை அவ்வொல்லாந்தர் 1707இல் தொகுப்பித்தபோது அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதனுட் புகுந்தன. இலங்கையில் அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது 1844இல். சிலர் இயல்பாகவே அடிமைகள் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியதும் நாம் அறிந்ததே. இயல்பு என்னும் சொல் எத்தனை காலம் விலங்குக்குப் பதிலாய் மனிதர் காலிற் கிடந்தது!

சட்டம் ஒழிந்த பின்னும் அச்சொல் ஒழிந்திலது. நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமர்தல் வேண்டுமென 1929ஆம் ஆண்டளவில் விதி பிறந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்தோர் பலர். பிறப்பால் வந்த இயல்பு மாறாதென்பதே அவ்வெதிர்ப்பின் உட்கிடை. அப்பிள்ளைகள் நிலத்தில் இருந்ததும் வாங்கில் இருந்ததும் ஆசிரியர் கண்முன்னரே நிகழ்ந்தன. ஆதலின் இவ்வாராய்ச்சி வெறும் நூலாராய்ச்சியன்று. வகுப்பறைக்குள்ளே வந்து நிற்பது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுக்கின்றது. ஆறாவதாவது மனம். இதனைச் செய்யலாம், இதனைத் தவிரலாம் என்னும் தெரிவு மனத்தோடு வருவது; தெரிவில்லாதவிடத்து அறமுமில்லை, மறமுமில்லை. 1893இல் ஒக்ஸ்போர்ட் நகரிற் செய்த சொற்பொழிவில் ஹக்ஸ்லி என்னும் உயிர்நூற் பேரறிஞரும், உலகியற்கையின் போக்கைப் பின்பற்றுதலால் அன்றி, அதனை எதிர்த்து நிற்றலாலேயே அறம் வளருமென்றார். வழி வேறாயினும் முடிபு ஒன்றாதல் காண்க.

அற்றேல், திருவானைக்காவிலே சிலந்தியும் யானையும் பூசித்தமையை நாம் போற்றுவது என்னை? விலங்கைக் கொண்டு அன்பு போதிப்பது நம் மரபே அன்றோ எனின், கூறுதும். அவ்வரலாற்றில் அன்பே அளவை. சிலந்தியும் யானையும் அவ்வன்பாற் சிறந்தன. சிலந்தி வலை பின்னுதலின் நாமும் பின்னுக என்று அது கூறவில்லை. விலங்கு உவமையாகலாம், அளவையாகாது. உவமையை அளவையாகக் கொண்டதே துஷ்யந்தன் பிழையும், அடிமைகொண்டோர் பிழையும்.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கது யாது? பிள்ளைகளை மரத்தடிக்கு அழைத்துச் சென்று காக்கையையும் குயிலையும் காட்டுக. கண்டதைக் கண்டபடி சொல்லப் பழக்குக. கள்ளக்குயில் என்றும் ஏமாந்த காக்கை என்றும் பெயரிட்டுக் காட்சியைக் கெடுத்தல் வேண்டா. விந்தையை விந்தையாகவே கண்டு வியக்கும் பிள்ளைக்கு உண்மையில் விருப்பம் பிறக்கும். பின்னர், நீ அவ்விடத்தில் இருந்தால் யாது செய்வாய் என்று வினவுக. அவ்வினாவை ஒரு பிள்ளையிடம் மட்டுமே கேட்கலாம். குயிலிடம் கேட்க இயலாது. மனிதப் பிறவியின் அருமை அங்கே விளங்கும்.

குயிலைப் பழியாதவழிக் காக்கையைப் புகழ்தலும் ஒழிய வேண்டும். அஃது அறியாது வளர்க்கின்றது. பெற்றோரை இழந்த பிறர் பிள்ளையை, பிறர் பிள்ளையென்று அறிந்தே தன் மடியில் வைத்து ஊட்டும் தாய் ஒருத்தி நம் தெருவில் இருப்பாளாயின், புகழ் அவளுக்கே உரியது.