எல்லை கடக்கும் ஓசை



தேசாவகாசிக விரதம் ஏற்ற சாவகர், தாம் வகுத்த எல்லையைக் காலால் கடவாதிருந்தால் மட்டும் போதாது. எல்லைக்கு அப்பால் குரலைச் செலுத்துவதும் அவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்று, சப்தானுபாதம் என்பர்.

இந்நுட்பம் அமெரிக்க நாட்டின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் சட்டமாகவே வந்துள்ளமை நாம் எண்ணத்தக்கது. ஸ்னோமொபைல் எனும் பனி வண்டிகள் 1963இல் அங்குப் புகுந்தன. வண்டி சாலையை விட்டு இறங்கலாகாது என்றனர், ஓசை இறங்கிற்றே! அங்குள்ள காட்டெருமைகள் ஆழ்பனியைத் தலையால் விலக்கிக் காய்ந்த புல்லை மேய்ந்து, கோடையில் சேர்த்த உடற்கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டே குளிரைக் கடக்கின்றன. அஞ்சி ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அச்சேமிப்பிலிருந்து கழிகிறது.

வண்டிகளை நம்பிப் பிழைக்கும் அண்டையூராரும் உளர். அவர் கவலையும் பொய்யன்று. வழக்குகள் பல்லாண்டு நீண்டன. 2013ஆம் ஆண்டு விதி, நாளொன்றுக்கு 50 வண்டிக் குழுக்கள், குழுவுக்கு மிகுதியாக 10 வண்டிகள் என வரையறுத்தது. 2015 டிசம்பர் முதல் ஓசை 67 டெசிபலுக்கு மிகலாகாது என்றும் ஆயிற்று.

விதி ஓசையை அளந்ததேயன்றிப் பயணம் எதற்கென்று வினவவில்லை; அவ்வினா அனர்த்ததண்ட விரதத்திற்குரியது. இயந்திரமே வேண்டாமெனக் காலில் சறுக்குக்கட்டை பூட்டிச் செல்வோரும் அப்பனிவெளியில் உளர்.