மஞ்சக் கடுதாசிக்குப் பிறகு

தம்பி, ஐ.பி. கொடுத்தாயிற்று. ஊர் வாயில் சொன்னால் மஞ்சக் கடுதாசி. நீதிமன்றமும் உன்னைத் திவாலானவன் என்று அறிவித்துவிட்டது. வாசலில் நின்று கத்தியவர்கள் இப்போது வருவதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன் என்கிறாய். தூங்கியது போதும், எழுந்திரு. கடன்காரர்கள் போய்விட்டார்கள், உன் நாணயம் இன்னும் வீடு திரும்பவில்லை. கையில் புரளும் காசுக்கும் சொன்ன சொல் தவறாமைக்கும் ஒரே பெயர் வைத்த மொழி நம்முடையது. ஒன்று போனால் மற்றதும் கூடவே போகும் என்று கண்டவர்கள் வைத்த பெயர் அது.

மாவட்டங்களில் இந்த வழக்குகள் 1920-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி நடக்கின்றன. அதில் ஒரு பிரிவைக் கேள். திவாலானவன், கடன்களிலிருந்து விடுவிப்பு உத்தரவு வாங்கும் முன் யாரிடமாவது 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால், தன் நிலைமையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மறைத்து வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய் இன்று இரண்டு பேர் டீ, வடைக்குச் சரியாகப் போகும். தொகைதான் பழசு. மறைக்காதே என்ற கட்டளை பழசாகவில்லை.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. விடுவிப்பு உன் ஒருவனுக்குத்தான். உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை. உன் அக்கா வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாரே, நினைவிருக்கிறதா? நீ கட்டாத கடன் அவருடைய கடன் அறிக்கையிலும் ஏறியிருக்கும். நாளை மகளின் கல்லூரிக் கடனுக்காக அவர் வங்கியில் போய் உட்காருவார். மேலாளர் திரையைப் பார்ப்பார், பிறகு இவர் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பிள்ளைக்குச் சீர் செய்ய வேண்டிய தாய்மாமன் நீ. அவள் படிப்புக்குக் குறுக்கே நிற்பதும் நீதான். பேருந்து நிலையத்துக்கு அவர் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறாயாமே?

இன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போ. பழமும் பூவும் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். எவ்வளவு நிற்கிறது, மாதம் எவ்வளவு தர முடியும் என்று அவர் எதிரிலேயே எழுது. 2,000 தான் முடியுமென்றால் 2,000 என்றே சொல். 5,000 என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் ஒளியாதே. விடுவிப்பு வரும்வரை உன் வரவில், உன் சொத்தைப் பொறுப்பேற்கும் அபீஷியல் ரிசீவருக்கும் உரிமை உண்டு. வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு முறையாகச் செய்.

அடுத்து உன் கடன் அறிக்கையை எடு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 300-க்கும் 900-க்கும் நடுவே ஒரு மதிப்பெண் இருக்கும். அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. கீழே மாதத்துக்கு ஒரு கட்டம் வரிசையாக இருக்கும். தவணை எத்தனை நாள் தள்ளிப்போனது என்பது அந்தந்தக் கட்டத்தில் நிற்கும். 30, 60, 90. எந்த மாதத்தில் கை நழுவத் தொடங்கியது என்பது அங்கே தெரியும். தவறான பதிவு இருந்தால் புகார் கொடு. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முன்பு பாதித் தொகைக்குப் பேசி முடித்த கடன் 'செட்டில்டு' என்று நிற்கும். முழுக்கக் கட்டியது 'குளோஸ்டு' என்று நிற்கும். இரண்டும் ஒன்றென்று எந்த வங்கியும் நினைப்பதில்லை. முடிந்தபோது மிச்சத்தையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, பதிவை மாற்றச் சொல்.

பிறகு சின்னதாகத் தொடங்கு. விடுவிப்பு வந்த பின், ஒரு சிறு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு அதன் பேரில் கிரெடிட் கார்டு கேள். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதே. மளிகைக்கு மட்டும் தேய்த்து, கெடு தேதிக்கு முன் முழுத் தொகையும் கட்டு. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லில் அச்சிட்டிருப்பது தூண்டில். ஒரே வாரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பம் போடாதே; ஒவ்வொன்றும் பதிவாகும். கடனை அடைக்க செயலியில் கடன் வாங்காதே. காசு கொடுத்தால் மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன் என்பவனை வாசலோடு அனுப்பு. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் புதிய கட்டங்களைப் பூஜ்யமாக நிரப்பத்தான் முடியும். அதையும் நீ ஒருவன்தான் செய்ய முடியும்.

மதிப்பெண் ஏற மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகலாம். ஆகட்டும். நாளைக் காலை பேருந்து நிலையத்துக்கு அக்கா வீட்டுத் தெரு வழியாகவே நட.