செத்தவள் பெயர் என்ன?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மேல், ஒரு கொலைகாரன் எப்படியாவது தப்பித்துக்கொள்ள வேண்டுமே என்று நான் மனமுருகி வேண்டிக்கொண்டிருந்தேன்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் பெண் சிபாரிசு செய்ததன் பேரில் 'பேட்ஸ் மோட்டல்' என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரைச் சில நாட்களாகப் பார்த்து வந்தேன். அன்று இரண்டாவது சீசனின் கடைசிப் பகுதி. நார்மன் என்ற பையனைப் போலீஸார் பொய் கண்டுபிடிக்கும் யந்திரத்தின் முன் உட்கார வைத்திருக்கிறார்கள். கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன. 'அவளை நீ கொன்றாயா?' என்ற கேள்வியும் வரத்தான் போகிறது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அடுக்களையை ஒழித்துவிட்டு வந்த என் மனைவி சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இப்படி நகத்தைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

"இந்தப் பையன் மாட்டிக்குவான் போலிருக்கு."

"என்ன பண்ணினான்?"

"ஒரு கொலை."

"யாரை?"

"அவன் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவை."

"அவ பேரு?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவோ யோசித்தும் வரவில்லை. இத்தனைக்கும் அந்தப் பெண் முதல் சீசனில் பல முறை வந்தவள். பையனின் எழுத்தைப் பாராட்டியவள். முதல் சீசனின் முடிவில் கழுத்து அறுபட்டுக் கிடந்தவள்.

"செத்தவ பேரு தெரியலை. கொன்னவன் தப்பிக்கணும். நல்லா இருக்கு!" என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்துப் படுக்கப் போய்விட்டாள். பையன் தப்பித்துக்கொண்டான். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு தொடரின் மீதியையும் பார்த்து முடித்தேன். அதற்கு மூலமான படத்தையும் மறுபடி ஒரு முறை பார்த்தேன். 1960-ல் ஆல்பிரெட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'தான் அந்த மூலம். அதற்கும் மூலம், ராபர்ட் பிளாக் 1959-ல் எழுதிய நாவல். ஒருவன் கத்தியை எடுத்துக்கொண்டு வரிசையாக ஆட்களைக் கொன்று போகும் கதைகளை 'ஸ்லாஷர்' என்கிறார்கள். அந்த வம்சத்துக்குப் பாட்டனார் என்று 'சைக்கோ'வைச் சொல்வது வழக்கம். படம் 109 நிமிஷம். அதைத் தழுவிய தொடர் 2013 முதல் 2017 வரை ஐந்து சீசன்கள், ஐம்பது பகுதிகள். முப்பது மணி நேரத்துக்கும் அதிகம். ஒரே நார்மன், ஒரே விடுதி, மேட்டின் மேல் ஒரே வீடு. ஆனால் படத்தைப் பார்த்து எழுந்தபோது எனக்கு இருந்த மனநிலை வேறு, தொடரைப் பார்த்து எழுந்தபோது இருந்த மனநிலை வேறு. இந்த வேற்றுமை வெறும் ரசனை சம்பந்தப்பட்டதல்ல, தர்மம் சம்பந்தப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேரியன் கிரேன், ஃபீனிக்ஸ் நகரத்தில் ஒரு காரியாலயத்தில் வேலை பார்க்கும் பெண். காதலனுக்குப் பணமுடை, அதனால் கல்யாணம் தள்ளிப் போகிறது. பாங்கில் கட்டச் சொல்லி முதலாளி கொடுத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு அவள் காரில் புறப்பட்டுவிடுகிறாள். வழியெல்லாம் பயம். போலீஸ்காரன் பார்த்தால் பயம், கார் விற்பவன் சிரித்தால் பயம். மழை இரவில் ஒரு விடுதியில் ஒதுங்குகிறாள். அந்த விடுதிக்காரப் பையன் ரொட்டியும் பாலும் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அந்தப் பேச்சின் முடிவில், திரும்பிப் போய்ப் பணத்தை ஒப்படைத்துவிடுவது என்று அவள் தீர்மானம் செய்கிறாள். செலவான தொகையைக் காகிதத்தில் கழித்துக்கூடப் பார்க்கிறாள். பிறகு குளிக்கப் போகிறாள்.

குளியலறைக் கொலை திரையில் முக்கால் நிமிஷம்தான். அதை எடுக்க ஏழு நாட்கள் ஆயின. வெட்டி ஒட்டிய சாமர்த்தியத்தையும் பெர்னார்ட் ஹெர்மனின் பிடில் அலறலையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தக் கத்தி நம் மேல் பாய்வதற்குக் காரணம் சாமர்த்தியம் மட்டுமல்ல. அதற்கு முந்திய முக்கால் மணி நேரமும் முழுக்க அவளுடையது. அவளுடைய ஆசையை, திருட்டை, பயத்தை, மனம் திரும்பியதை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். அவளுக்கு நேரம் கொடுத்தோம். ஆகையால் அவள் செத்தபோது ஒரு மனுஷி செத்தாள்.

ஹிட்ச்காக் அதோடு விடவில்லை. நார்மன் இரத்தத்தைக் கழுவித் துடைக்கிறான். சடலத்தை அவளுடைய காரிலேயே வைத்துச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். கார் இறங்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அவன் சுற்றுமுற்றும் பார்க்கிறான். அந்தக் கணத்தில் நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, 'இறங்கித் தொலையேன்!' என்கிறோம். சற்று முன்னால் அவளுக்காகத் துடித்த அதே நாம்! மனித மனம் எவ்வளவு சீக்கிரத்தில் கட்சி மாறும் என்பதை அந்த மனிதர் சில விநாடிகளில் காட்டிவிட்டார். ஆனால் நேர்மையாக ஒரு காரியமும் செய்தார். அந்தக் காரைச் சங்கிலி கட்டிச் சேற்றிலிருந்து வெளியே இழுப்பதுதான் படத்தின் கடைசிக் காட்சி. 'நீங்கள் மறந்தாலும் அவள் உள்ளேதான் இருக்கிறாள்' என்று சொல்வது போல.

1978-ல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படமும் வேறொரு விதத்தில் இதையே செய்கிறது. கொலைகாரனுக்கு வெள்ளை முகமூடி ஒன்றுதான் முகம். பேச்சுக் கிடையாது, அவன் கொல்வதற்குக் காரணமும் கிடையாது. படம் தன் நேரத்தையெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு நடந்து போகும் பெண்களுக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் அந்தப் பெண்களுடைய அரட்டைக்குக் கொடுக்கிறது. மரத்தின் பின்னால் அவன் நிற்பதை நாம் மட்டும் பார்க்கிறோம். அவர்களை எச்சரிக்க முடியவில்லையே என்று தவிக்கிறோம். பிறனுக்காகப் பயப்படும் அந்தத் தவிப்பும் அன்பிலே ஒரு வகைதான்.

தொடரில் இது ஏன் தலைகீழாகிறது? தொழில் நிர்ப்பந்தம்தான் காரணம். படம் முடிந்துவிடலாம், தொடர் அடுத்த வாரம் திரும்பி வர வேண்டும். திரும்பி வருவதற்கு ஆள் வேண்டும். செத்தவர்களால் திரும்பி வர முடியாது. ஆகவே தொடரில் நிரந்தர உத்தியோகம் கொலைகாரனுக்கு; செத்துப்போகிறவர்களெல்லாம் தினக்கூலிகள். 1996-ல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தை 2015-ல் தொடராக்கியபோது, முதல் பகுதியிலேயே ஒரு மாணவன், ஸ்லாஷர் படத்தைத் தொடராக எடுக்கவே முடியாது என்று வாதாடுகிறான். படம் சட்டென்று எரிந்து முடிவது, தொடரோ இழுத்துக்கொண்டு போவது என்பது அவன் கட்சி. தங்கள் சங்கடத்தை அந்தத் தொடரை எழுதியவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்!

இந்தச் சங்கடத்துக்கு இரண்டு பரிகாரங்கள் கண்டிருக்கிறார்கள். ஒன்று, கொலைகாரனை மறைத்து வைப்பது. 2009-ல் வந்த 'ஹார்ப்பர்ஸ் ஐலண்ட்' தொடரில், ஒரு தீவுக்குக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பதின்மூன்று வாரமும் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அடுத்த வாரம் யார் என்று ஊகிப்பது பார்ப்பவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. பந்தியில் இலை எடுப்பது போல ஆட்களை எடுக்கிறார்கள், எண்ணிக்கைதான் மிச்சம். மற்றொன்று, கொலைகாரனையே வீட்டு மனிதனாக்கிவிடுவது. 1991-ல் வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' படத்தில் ஹானிபல் லெக்டராக ஆண்டனி ஹாப்கின்ஸ் திரையில் தோன்றுவது சுமார் பதினாறு நிமிஷம். அதற்குள் நம்மைக் குலைநடுங்க வைத்துவிடுகிறார். 2013 முதல் 2015 வரை வந்த தொடரில் அதே மனிதர் முப்பத்தொன்பது பகுதிகளில் அருமையாக உடுத்திக்கொண்டு, அருமையாகச் சமைத்து விருந்து வைக்கிறார். தட்டில் இருப்பது யார் என்று நாம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிடுகிறோம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, படம்தான் உத்தமம், தொடர் அதமம் என்று தீர்ப்பளித்தால் என் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் நார்மனின் தாய்.

'சைக்கோ' படத்தில் அந்தத் தாய்க்கு வாயே கிடையாது. மகன் கொடுத்த குரலைத் தவிர வேறு குரல் இல்லை. அவள் ஓர் உலர்ந்த சடலம். முடிவில் மனோதத்துவ டாக்டர் ஒருவர் வந்து, அவள் மகனை இறுகப் பிடித்து வைத்திருந்தவள், ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தவள் என்று நடந்ததற்கெல்லாம் விளக்கம் சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். அவளைக் கொன்றவனின் வாய்மொழியைத் தவிர அவளைப் பற்றி வேறு சாட்சியமே இல்லை என்பது எனக்கு இத்தனை வருஷமும் தோன்றவில்லை.

தொடர் அவளுக்கு நார்மா என்ற முழு உருவம் கொடுத்தது. வெரா ஃபார்மீகா நடித்த அந்தப் பெண் அடிக்கிற புருஷனோடு வாழ்ந்தவள். கையில் இருந்ததைப் போட்டு ஒரு பாழடைந்த விடுதியை வாங்கி, புது ஊரில் தலைநிமிரப் பார்த்தவள். சிடுசிடுப்பு, பொய், அசட்டுத்தனம், அளவில்லாத பாசம் எல்லாம் கலந்தவள். நாலாவது சீசனின் முடிவில் மகன் கையாலேயே அவள் சாகும்போது, 1960-ல் அவளுக்கு இழைத்த அநியாயத்துக்கு ஏதோ ஈடு செய்தது போல் இருந்தது. ஐந்தாவது சீசனில் மேரியன் கிரேனும் வருகிறாள். எல்லோரும் எதிர்பார்த்த குளியலறைக்குள் போகிறாள். குளித்துவிட்டு உயிரோடு வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்! இந்தத் தடவை குளியலறையில் சாகிறவன் அவளை ஏமாற்றிய காதலன். தொடரை எழுதியவர்களுக்கும் அவள் மேல் இரக்கம் இருந்திருக்கிறது.

ஆகவே நீளம் குற்றமல்ல. இத்தனையிலும் எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான். இரக்கம் என்பது நாம் நினைப்பது போலத் தானாகச் சுரக்கும் ஊற்றல்ல. யாரோடு அதிக நேரம் இருந்தோமோ அவர்கள் பக்கம் பாய்கிற வாய்க்கால் அது. மடையைத் திறந்துவிடுகிறவன் கதை சொல்கிறவன். அவன் மேரியனுக்கு நேரம் கொடுத்தால் மேரியனுக்காக அழுகிறோம்; நார்மாவுக்குக் கொடுத்தால் நார்மாவுக்காக; நார்மனுக்குக் கொடுத்தால், கொலை செய்தவன் தப்ப வேண்டுமென்று நகத்தைக் கடிக்கிறோம். குற்றவாளியைப் புரிந்துகொள்வது பெரிய குணந்தான். ஆனால் அவனுக்குப் பாய்கிற தண்ணீர் எந்த வயலிலிருந்து திரும்பி வந்தது என்று கேட்பதும் அந்தக் குணத்தில் அடக்கம்.

இது கற்பனைக் கொலைகளோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. பிளாக்கின் நாவல் பிறப்பதற்குத் தூண்டுதலாக இருந்தவன், விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெய்ன்ஃபீல்ட் என்ற சிற்றூரில் 1957-ல் பிடிபட்ட எட் கீன். இரண்டு பெண்களைக் கொன்றதை ஒப்புக்கொண்டான். 1984-ல் மனநோய் மருத்துவமனையில் இறந்தான். 2025-ல் நெட்ஃபிளிக்ஸ் அவன் பெயரிலேயே ஒரு தொடர் வெளியிட்டது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி ஊரில் இரும்புச் சாமான் கடை நடத்தி வந்தாள் என்பது நிஜம். அவள் பெயரில் தொடர் ஏதும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது. எட்டு வருஷத்துக்கு முன் நானும் ஒரு நாவல் எழுதினேன். நிலத் தகராறில் தம்பியை வெட்டிவிட்டு ஜெயிலுக்குப் போகும் அண்ணனின் கதை. அவனுடைய பச்சாத்தாபத்துக்கு முந்நூறு பக்கம் கொடுத்தேன். தம்பி முதல் அத்தியாயத்திலேயே வாய்க்கால் வரப்பில் விழுந்து கிடந்தான். அவனுக்கு ஒன்றரைப் பக்கம். 'எவ்வளவு பெரிய மனிதாபிமானம் உங்களுக்கு!' என்று வாசகர்கள் எழுதினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரே ஒரு கடிதத்தில், 'தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?' என்று மட்டும் கேட்டிருந்தது. நான் பதில் போடவில்லை. எனக்கே தெரியாது. அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அந்த வாத்தியாரம்மாவின் பெயரை அன்று இரவே தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் காப்பி கொண்டு வந்த மனைவியிடம், "அவ பேரு பிளேர் வாட்சன்" என்றேன்.

அவளுக்குச் சட்டென்று நினைவு வரவில்லை; பிறகு புரிந்துகொண்டாள்.

"அவளுக்கு யாருமே இல்லையா?"

"அப்பா இருக்கான். யார் கொன்னதுன்னு அவன்தான் விடாமத் தேடறான். ஆனா அவன் ரொம்பக் கெட்டவன். போதைச் சரக்கு வியாபாரம்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவளுக்காகத் துக்கப்பட ஒரே ஒருவனை வைத்தார்கள். அவனையும் நமக்குப் பிடிக்காதவனாகப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கெட்டவனா இருந்தா என்ன? பெத்த மக செத்தா வலிக்காதா?" என்றாள்.