யார் பறிப்பது?

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு தை மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் காய்கறி வளர்ப்பு வகுப்பு நடந்தது. விவசாய இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்து கற்றுக் கொடுத்தார். பன்னிரண்டு குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு முன் வரிசை கிடைத்தது. மண்ணைப் பற்றி நாவல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்; வெண்டை விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. 2 சென்டிமீட்டர் போதுமாம்.

பெரியவர் நன்றாகவே சொன்னார். செம்மண்ணும் தொழு உரமும் தேங்காய் நார்க் கழிவும் கலந்து பையை நிரப்ப வேண்டும். வெள்ளை ஈ வந்தால் வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளித்துப் போகும். ஆகவே வேப்பெண்ணெய்க் கரைசலை முன்கூட்டியே தெளிக்க வேண்டும். பூ விட்ட ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். தவறினால் காய் நாராகி முற்றிவிடும்; முற்றிய காயைச் சுமக்கும் செடி மேற்கொண்டு காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

பறிப்பது யார் என்பதை அவர் சொல்லவில்லை. தாவர சாஸ்திரத்தில் அது இல்லாத பாடம்.

தண்ணீர் ஊற்ற முறை வைத்தோம். என் முறை ஐந்து தடவை வந்தது. இரண்டு தடவை மாடி ஏறினேன். மற்றவர்கள் என்னைவிட மேலானவர்கள் அல்லர். மாசி வெயில் ஏறியதும், படி கூட்டும் அம்மாள்தான் காலையும் மாலையும் ஊற்றினாள். யாரும் ஊற்றச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பங்குனியில் காய் வந்தது. குடும்பத்துக்கு இத்தனை என்று பங்கிடுவதா, பணம் போட்ட கணக்குப்படியா என்று பேசத் தொடங்கினோம். பேசி முடிப்பதற்குள் நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் செடியில் காய் இல்லை. அந்த அம்மாளின் முந்தானையில் இருந்தது.

"முத்திப் போகுதேன்னு பறிச்சேன் சார்" என்றாள். ஒருவர் 'திருட்டு' என்ற வார்த்தையைச் சொன்னார். நான் சும்மா இருந்தேன்.

அன்றிரவு ஜான் லாக் நினைவுக்கு வந்தார். பொதுவில் கிடக்கும் பொருளில் ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுக்குச் சொத்தாகிறது என்று 17-ஆம் நூற்றாண்டில் வாதிட்ட ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர். வீணாகும்படி விட்டவனுக்கு அதில் உரிமை இல்லை என்றும் சொன்னவர். படிக்கும்போது நெஞ்சு நிறையும். ஆனால் அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்கரணையும் தனக்கே சொந்தம் என்று வெகு சாதாரணமாக எழுதிவிட்டுப் போகிறார். எங்கள் கட்டடத்துக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். படி கூட்டுவதற்குச் சம்பளம் கொடுக்கிறோம். தண்ணீர் ஊற்றுவதற்குக் கொடுத்ததில்லை. 'வேலைக்காரி' என்று பெயர் வைத்துவிட்டால், அவள் கொடுத்ததுகூட நாம் வாங்கியதாகிவிடுகிறது.

"கேட்டுவிட்டாவது பறித்திருக்கலாம்" என்றாள் என் மனைவி. நியாயந்தான். எத்தனை கதவைத் தட்டிக் கேட்பது? பன்னிரண்டையுமா? என் கதவைத் தட்டியிருந்தால், "எல்லாரையும் கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மாடிக்குப் போனேன். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செடியில் ஏழெட்டுக் காய்கள் நீண்டிருந்தன. சொல்ல வேண்டியதைத் தொண்டைக்குள் தேடிக்கொண்டு நின்றேன்.

"பறிச்சுக்குங்க சார்" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இன்னிக்கு விட்டா முத்திடும்."