பழக்கமும் எண்ணமும்: இசுலாமிய அறவியலில் அன்றாட ஒழுக்கம்

முன்னுரை

நாள்தோறும் செய்யப்படும் நற்செயல் நாளடைவில் பழக்கமாகிறது. பழக்கமானபின் அது முயற்சியின்றி நிகழ்கிறது. அவ்வாறு முயற்சியின்றி நிகழும் செயலுக்கு அறமதிப்பு உண்டா என்பது அறவியலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாவாகும். நற்பண்பை வெறும் பழக்கமாகக் கருதலாகாது என்று செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியிட்ட அறவியல் நூலில் வற்புறுத்தினார். எந்திரம்போல் நிகழும் செயலில் மனிதனின் விருப்புரிமை மறைந்துவிடும் என்பது அவர்தம் அச்சம். நாளொன்றுக்கு ஐவேளைத் தொழுகையை விதிக்கும் இசுலாத்திற்கு இவ்வினா மிகவும் நெருக்கமானது. தொழுகை பழக்கமாகாவிடின் நிலைபெறாது. பழக்கமாகிவிடின் உயிரிழக்கக் கூடும். இம்முரணை இசுலாமிய அறவியல் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் காட்டும் பொருள்

'ஒழுக்கம்' என்னும் தமிழ்ச்சொல் 'ஒழுகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. நீர் ஒழுகுதலையும் மனிதர் நடந்துகொள்ளுதலையும் அவ்வினை ஒருங்கே குறிக்கிறது. ஆகவே இடையறாமை என்னும் கருத்து ஒழுக்கத்திலேயே அடங்கியுள்ளது எனலாம். அரபு மொழியில் பழக்கத்தைக் குறிக்கும் 'ஆதத்' என்னும் சொல் மீண்டும் வருதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து தோன்றியது. பண்பைக் குறிக்கும் 'குலுக்' என்பதும் உடலமைப்பைக் குறிக்கும் 'கல்க்' என்பதும் ஒரே வேரின. முன்னது அகத்தின் வடிவம், பின்னது புறத்தின் வடிவம் என இமாம் கஸ்ஸாலி விளக்குவார். புறவடிவம் பிறப்போடு வருவது. அகவடிவமோ பயிற்சியால் திருந்தக் கூடியது என்பதே அவர்தம் கொள்கையின் அடித்தளமாகும்.

கஸ்ஸாலியின் பயிற்சிக் கொள்கை

பாரசீகத்தின் தூஸ் நகரில் 1058இல் பிறந்து 1111இல் மறைந்த கஸ்ஸாலி, பக்தாதின் நிஜாமிய்யாக் கல்வி நிலையத்தில் பேராசிரியராக விளங்கியவர். 1095இல் அப்பதவியைத் துறந்தார். அவர் இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' 40 பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் 22ஆம் பகுதி உள்ளப் பயிற்சியைப் பற்றியது. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையின்றிச் செயல்களை எளிதில் தோற்றுவிக்கும் நிலையான உள்ளத் தன்மையே பண்பு என்று அதில் அவர் வரையறுக்கிறார். இவ்வரையறையின் சாயலை 1030இல் மறைந்த மிஸ்கவைஹியின் அறநூலிலும் காணலாம். அரிஸ்டாட்டிலின் அறவியல் அரபு மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தமை இவ்விருவரின் சிந்தனைப் பின்னணியில் கருதத்தக்கது.

எழுத்தணிக் கலைஞனாக விரும்புபவன் முதலில் தேர்ந்த கலைஞனைப் போன்று வலிந்து எழுதிப் பழக வேண்டும். காலப்போக்கில் அது அவன் இயல்பாகிவிடும். ஈகைப் பண்பும் அவ்வாறே வலிந்து கொடுத்தலால் வளர்கிறது என்பது கஸ்ஸாலி தரும் உவமை. ஈண்டு ஓர் ஐயம் எழும். உள்ளத்தில் இல்லாத ஈகையைச் செயலில் காட்டுவது போலித்தனம் ஆகாதா? பிறர் பார்வைக்காகக் கொடுப்பவனும் தன்னைத் திருத்திக்கொள்ளக் கொடுப்பவனும் செய்யும் செயல் ஒன்றே, நோக்கம் வேறு. முன்னவன் தன் கருமித்தனத்தை மறைக்கிறான். பின்னவன் அதனோடு போரிடுகிறான். எனவே தொடக்கநிலையின் வலிந்த முயற்சி போலித்தனம் ஆகாது என்பது தெளிவு.

நிய்யத்தின் இடம்

செயல் எளிதாகிவிட்ட பின்னர் நோக்கம் என்னாகும் என்பதே எஞ்சும் வினா. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்னும் நபிமொழியைப் புகாரி தம் தொகுப்பின் தொடக்கத்தில் வைத்துள்ளார். வழிபாட்டை வழக்கத்திலிருந்து பிரித்தறிவதற்கே நிய்யத்து தேவை எனச் சட்டவியலார் கூறுவர். வெப்பம் தணியக் குளிப்பதும் தூய்மைக் கடமையாகக் குளிப்பதும் புறத்தோற்றத்தில் ஒன்றே. தமிழ் முசுலிம்கள் தொழுகை, நோன்பு ஆகியவற்றைத் தமிழ்ச் சொற்களால் வழங்கினும் நிய்யத்தை அரபுச் சொல்லாலேயே வழங்கிவருகின்றனர்.

ரமலான் நோன்பு பற்றிய சட்டப்பள்ளிகளின் கருத்து வேறுபாடு இவ்விடத்தில் நுட்பமானது. ஒவ்வோர் இரவும் மறுநாள் நோன்புக்குத் தனித்தனியே நிய்யத்து வேண்டும் என்பது ஷாஃபிஈ பள்ளியின் நிலைப்பாடு. மாலிக்கீ பள்ளியோ மாதத் தொடக்கத்தில் கொள்ளும் ஒரே நிய்யத்து போதும் என்கிறது. பயணத்தாலோ நோயாலோ தொடர்ச்சி அறுந்தால் அதனைப் புதுப்பிக்க வேண்டும். சட்ட நுணுக்கமாகத் தோன்றும் இவ்வேறுபாட்டினுள் மெய்யியல் வினா ஒன்று உறைகிறது. ஒருமுறை கொண்ட நல்லெண்ணம் நாள்களினூடே ஒழுகிச் செல்லுமா, அன்றி நாள்தோறும் புதிதாய்ப் பிறக்க வேண்டுமா? பழக்கம் எண்ணத்தைச் சுமந்து செல்லும் என்பது முதற்கருத்துக்கு அரணாகும். சுமப்பதை நாளடைவில் நழுவவிடும் என்பது மற்றதற்கு அரணாகும். மனித இயல்பில் இவ்விரண்டும் உண்மையே.

சிறிதும் தொடர்ச்சியும்

குறைவாயினும் இடைவிடாது செய்யப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்னும் கருத்துடைய நபிமொழி புகாரி, முசுலிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, செயலொன்று தானே நிகழும் நிலையை எய்த 18 முதல் 254 நாள்கள் வரை ஆகலாம் என மதிப்பிட்டது. அன்றாட நிகழ்வு ஒன்றோடு பிணைக்கப்பட்ட செயல் பழக்கமாவதையும், ஒருநாள் தவறுவது அம்முயற்சியைப் பெரிதும் சிதைப்பதில்லை என்பதையும் அவ்வாய்வு காட்டியது. தொழுகை நேரங்கள் கதிரவனின் போக்கோடு பிணைக்கப்பட்டிருத்தல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. எனினும் இவ்வாய்வு பழக்கம் உருவாகும் முறையை மட்டுமே கூறும். அதன் தகுதியைக் கூறாது.

தற்சோதனை

தகுதியை அறியக் கஸ்ஸாலி காட்டும் வழி தன்கணக்கு ஆகும். காலையில் உள்ளத்தோடு உடன்படிக்கை, பகலில் கண்காணிப்பு, நாளிறுதியில் வணிகன் தன் கூட்டாளியிடம் கேட்பதுபோல் வரவு செலவுக் கணக்கு என 38ஆம் பகுதியில் அதனை விரித்துரைக்கிறார். திருக்குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையான சோதனையைத் தருகிறது. ஏழே வசனங்களைக் கொண்ட அது, அநாதையை விரட்டுபவனைக் கண்டித்துத் தொடங்குகிறது. தொழுகையில் கவனமற்றவர்களை எச்சரிக்கிறது. அவர்கள் சிறு உதவியையும் மறுப்பதைச் சுட்டி முடிகிறது. கவனமற்ற வழிபாடும் அயலாரிடம் காட்டும் கடுமையும் ஒரே நோயின் இரு குறிகள் என்பது இவ்வமைப்பால் பெறப்படுகிறது.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் பழக்கம் அறத்திற்குப் பகையன்று என்பது தெரியவருகிறது. காண்ட் அஞ்சியது எண்ணமற்ற பழக்கத்தை; இசுலாமிய அறவியல் வேண்டுவதோ எண்ணத்தையும் பழக்கமாக்குவதை. செயலைச் செய்யும் உழைப்பைப் பழக்கம் குறைக்கிறது. அவ்வாறு மிஞ்சிய ஆற்றல் எதற்குச் செலவிடப்படுகிறது என்பதிலேயே அதன் அறமதிப்பு உள்ளது. தொழுகைக்காக விழித்தெழும் பழக்கம், வாயிலில் வந்து இரவல் கேட்பவரிடம் முகம் சுளிக்காத பழக்கமாக விரியுமாயின் அது உயிருள்ள பழக்கம். விரியாதாயின் நாள்களின் எண்ணிக்கை மட்டுமே மிஞ்சும். இவ்வளவுகோல் எச்சமயத்தார்க்கும், சமயம் சாராத அறத்தார்க்கும் பொருந்துவதாகும்.